கயிறு பிடிக்கும் ஊர்

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலையும் காப்பியும் முடிந்து காடு தொடங்கும் சரிவில் ஓர் இலவ மரம் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் உயரக் கிளைகளின் அடியில் மலைத்தேனீயின் கறுத்த பெரிய அடைகள். தேன் முதிர்ந்துவிட்டது என்பது என்னோடு வந்த ஆலு குறும்பப் பெரியவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையில் அரிவாள் இருந்தது. மரமேறத் தெரிந்த இரண்டு இளைஞர்களும் கூட வந்திருந்தார்கள். ஆனாலும் அவர் நடையை நிறுத்தவில்லை.

"இது நம்மளுது இல்ல தம்பி. கீழூர்க்காரங்க பார்த்து வச்சுட்டாங்க."

பார்த்து வைத்ததற்கான அடையாளம் அடிமரத்தில் இருந்தது. மரத்தைச் சுற்றிப் புதரை வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். பட்டையில் சாய்வாக ஒரு வெட்டு. ஒடித்த கிளையொன்று மரத்தின் மேல் சாய்ந்து வாடிக்கொண்டிருந்தது. வேலியில்லை, காவலுக்கு ஆளில்லை. சுற்றியுள்ள காட்டில் தேன் தேடி நடக்கும் எல்லோரும் அந்த மரத்தைக் கடந்துதான் போக வேண்டும். அப்படியும் அடை அப்படியே இருந்தது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த மலைகளில் விலங்கு வேட்டைக்கு இடமில்லை. மிஞ்சியிருப்பது தேன்வேட்டை. குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், சோளகர் எனப் பல குடிகள் நீலகிரியிலும் அதை ஒட்டிய காடுகளிலும் தேன் எடுக்கிறார்கள். காடு ஒன்று, தேனீ ஒன்று, பூக்கும் பருவமும் ஒன்று. பலர் ஒரே பொருளைத் தேடி ஒரே நிலத்தில் நடக்கும்போது சண்டை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அங்கே போயிருந்தேன்.

அடையை முதலில் பார்த்தவருக்கு மரம். அடிப்படை இதுதான். ஆனால் பார்த்தேன் என்று வாயால் சொன்னால் போதாது. அடியைத் துப்புரவாக்கிக் குறி வைக்க வேண்டும். அந்த உழைப்பைப் போட்டவர் திரும்பி வருவார் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தேன் முதிர்ந்து நாளாகியும் ஆள் வரவில்லையென்றால் சொல்லியனுப்பிக் கேட்க வேண்டும். உடம்புக்கு முடியவில்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தால் எடுக்கலாம். எடுத்த தேனில் ஒரு பங்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மழை இறங்கித் தேனீ கிளம்பிவிட்டால் குறியும் முடிந்தது. பெரியவர் சொன்ன கணக்கு இவ்வளவுதான்.

குறி வைத்த மரத்தில் யாராவது கை வைத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அடிக்கிறதெல்லாம் கிடையாது. அவன் பாறைக்கு எறங்குறப்ப கூட வர ஆளு இருக்காது" என்றார். அந்தத் தண்டனையின் கனம் அப்போது எனக்குப் பிடிபடவில்லை. பாறையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

மரத்தேன் சிறு வரவு. பெரிய வரவு பாறையில் இருக்கிறது. மலைத்தேனீ பொந்துக்குள் கூடு கட்டாது. திறந்த வெளியில் ஒற்றை அடையாக, சில சமயம் ஒரு மீட்டருக்கும் மேல் அகலமாகக் கட்டித் தொங்கவிடும். காலுக்குக் கீழே பள்ளம் பாயும் செங்குத்துப் பாறைகளில், மழை நனைக்காத குடைவுகளில், பல கூட்டங்கள் பக்கம்பக்கமாக வந்து இறங்கும். மழைக்காலத்தில் இடம்பெயர்ந்து போய், அடுத்த பருவத்தில் அதே பாறையைத் தேடி வரும். மரத்துக்கு வராமல் போனாலும் போகும், பாறையைப் பெரும்பாலும் விடுவதில்லை. அதனால் மரத்தைப் பார்த்தவர் எடுத்துக்கொள்ளலாம், பாறை அப்படியில்லை. அது ஊருக்குச் சொந்தம். எந்தப் பாறை எந்த ஊருடையது என்பது பாட்டன் காலத்திலிருந்து வாய்வழி வருகிறது. ஓடை, ஒற்றை மரம், சாமிக் கல் இவைதாம் எல்லை.

எதிர்ச் சரிவில் இரண்டு பாறைகளைக் கைநீட்டிக் காட்டினார் பெரியவர். இடதுபுறம் இருப்பது அவருடைய ஊருக்கு, வலதுபுறம் இருப்பது பக்கத்து ஊருக்கு. "அவங்க கூப்பிடாம அந்தப் பாறைக்குப் போக மாட்டோம். கூப்பிட்டா போகாம இருக்கவும் மாட்டோம்."

ஏன் கூப்பிட வேண்டும்? இங்கேதான் இந்தத் தொழிலின் உயிர்முடிச்சு இருக்கிறது. பாறை உச்சியில் ஒரு மரத்தில் கட்டிய கொடி ஏணியில்தான் தேனெடுப்பவர் இறங்குகிறார். சங்கப் பாடல்களில் தேன்வரைக்கு ஏற ‘மால்பு’ என்னும் கண்ணேணி வருகிறது. ஏணி வைத்துத் தேனெடுக்கும் வழக்கம் அவ்வளவு பழையது. மேலே ஏணிக் கயிற்றின் முடிச்சைக் காவல் காப்பவர் பெண்டாட்டியின் அண்ணன் அல்லது தம்பியாக இருக்க வேண்டும் என்பது குறும்பர் வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலிக்குக் கேடு வர அவர் விடமாட்டார். சொந்தத் தம்பியை நம்பாமல் மச்சானை நம்பும் இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் ஊர் விட்டு ஊர். ஆகவே நம் கயிற்றைப் பிடிக்கும் மச்சான் பக்கத்து ஊர்க்காரர். அந்த ஊரின் பாறையில் திருடியவன், தன் உயிரை யார் கையில் கொடுத்து இறங்குவான்?

பெரியவர் சொன்ன தண்டனையின் கனம் இது. எல்லைக்கல் செய்ய வேண்டிய வேலையை அந்தக் கயிறு செய்கிறது.

தேனெடுக்க நிலவில்லாத இரவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் பறந்து திரியும் இனம் என்பதால் நல்ல இருட்டு வேண்டும். முன்னதாக விரதம் இருந்து, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். நானும் இன்னும் சிலரும் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். பச்சை இலையும் காய்ந்த புல்லும் சேர்த்துக் கட்டிய புகைக்கட்டு முதலில் கயிற்றில் இறங்கியது. பிறகு ஆள் இறங்கினார். தெரிந்தது ஒரு செம்புள்ளி மட்டும். அது பாறையோடு ஊசலாடிக்கொண்டே கீழே வந்தது. அடையருகே நின்றதும் பாட்டு கேட்டது. தேனீயை உறவு சொல்லி அழைத்து, கோபிக்காதே, வழி விடு என்று வேண்டும் பாட்டு என்று பக்கத்திலிருந்தவர் காதோடு சொன்னார். சட்டென்று காட்டாறு இரைவதுபோல ஓர் ஓசை எழுந்தது. கூட்டம் கலைந்த ஓசை அது. எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அசையவுமில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில், கைக்கு எட்டாத அடையை நீண்ட மூங்கில் கழியால் அறுத்து, கயிற்றில் இறக்கிய கூடையில் விழச் செய்கிறார் ஒருவர். அவருக்குக் கீழே வெறும் இருட்டு. மேலே மச்சான். இந்தத் துணிவுக்கு நாம் கடையில் கொடுக்கும் விலை எந்த வகையிலும் ஈடாகாது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

எல்லா அடையும் அறுபடவில்லை. சிலவற்றை விட்டுவிட்டு ஏறிவிட்டார். சாமிக்கு என்றும் சொல்கிறார்கள், அடுத்த வருஷத்துக்கு என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றே எனக்குப் பட்டது. விடிந்ததும் பாறைக்குக் கீழேயே பங்கு பிரித்தார்கள். இறங்கியவர், கயிறு பிடித்தவர், புகைக்கட்டு கட்டியவர், அடுத்த ஊரிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் பங்கு. ஏற ஆண் துணையில்லாத ஒரு வீட்டுக்கும் தனியாக ஒரு டின் நிறைந்தது. அது யாருக்கு என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்த ஒழுங்கைக் கலைத்தது வெளியிலிருந்து வந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காடு அரசின் சொத்து. காட்டின் சிறு விளைபொருளும் அரசின் கணக்கில் ஏறியது. சேகரிக்கும் உரிமை ஏலத்துக்குப் போனது. பின்னாளில் லேம்ப்ஸ் எனப்படும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வந்தது. குத்தகைச் சீட்டில் சரகத்தின் பெயர் இருக்கும், பாறையின் பெயர் இருக்காது. சீட்டு வைத்திருப்பவர் அனுப்பிய ஆட்களுக்கு எந்தப் பாறை யாருடையது என்று தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. "நாம போறதுக்குள்ள அவன் போயிருவான்னு நெனச்சா, தேன் முத்துறதுக்கு முன்னாடியே வெட்டத் தோணும்" என்று ஓர் இளைஞர் சொன்னார். அப்படி வெட்டினால் புழு அடையும் சேர்ந்து போகும், கூட்டமே அழியலாம். காத்திருக்கலாம் என்ற நம்பிக்கைதான் தேனையும் முதிர வைக்கிறது, தேனீயையும் பிழைக்க வைக்கிறது. பழங்குடிகள் காட்டை அழிக்கிறார்கள் என்று நகரத்தில் உட்கார்ந்து பேசுபவர்கள் அந்தக் குறி வைத்த இலவ மரத்தடியில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருள்களின் உடைமையை அந்த மக்களுக்கே தருகிறது. தேனும் மெழுகும் பெயர் சொல்லியே அதில் உள்ளன. தமிழ்நாட்டில் 2008இல் வந்த ஓர் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது தடைப்பட்டுக் கிடந்து, 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தில் வழி திறந்தது. இழந்த ஆண்டுகள் இழந்தவைதாம். இனியாவது செய்ய வேண்டிய ஒன்றைச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. ஒரே காட்டை ஒன்றுக்கு மேற்பட்ட கிராம சபைகள் பயன்படுத்தினால், அந்தந்த ஊர்களின் வன உரிமைக் குழுக்கள் ஒன்றாக உட்கார்ந்து யார் எதை எப்படி அனுபவித்து வருகிறார்கள் என்று பேசி எழுதித் தர வேண்டும் என்கிறது 12ஆம் விதி.

தேன்பாறைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் தாலுகா அலுவலகத்தில் நடந்தால் பயனில்லை. வரைபடம் தயாரிக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு உதவும் தொண்டு நிறுவனங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: இரண்டு ஊர்ப் பெரியவர்களையும், கயிறு பிடிக்கும் மச்சான்மார்களையும் பாறைக்கு எதிரே நிற்க வையுங்கள். அவர்கள் கைநீட்டிக் காட்டும் எல்லையை அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாறைக்கும் எதிரே அதன் ஊர்ப் பெயர் இருக்கட்டும். கூப்பிட்டால் வரும் ஊரின் பெயரும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும்.