மூன்று ஞாயிறு ஓலை

பணி ஓய்வு பெறுவோர்க்கு நாம் செய்யும் மரியாதையில் குறைவொன்றுமில்லை. மாலை, சால்வை, கூடவே ஒரு சுவர்க்கடிகாரம். வாழ்நாளெல்லாம் நேரத்துக்குக் கட்டுண்டு கிடந்தவருக்குக் கடிகாரத்தைப் பரிசளிப்பதன் பொருத்தம் நமக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாளை முதல் இவர் யாருக்கு வேண்டியவர் என்ற வினாவுக்கு அம்மேடையில் எவரும் விடை சொல்வதில்லை. துணைவரோ துணைவியோ உயிரோடிருந்தால் அவ்வினா பாதி தீர்ந்துவிடும். அந்தப் பாதியும் இல்லாதவர்களைப் பற்றியே ஈண்டு எழுத விழைகின்றோம்.

நமது பங்கில் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் கோவில் முகப்பில் ஒரு மேசை போடுவார்கள். அரசு மருத்துவமனையில் செவிலியராயிருந்து ஓய்வு பெற்ற 62 வயது அம்மையார் ஒருவர் வருவோர்க்கு இரத்த அழுத்தம் பார்ப்பார். இரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற 67 வயதுப் பெரியவர் பெயரையும் அளவையும் ஏட்டில் குறிப்பார். இருவரும் துணையை இழந்தவர்கள். ஓராண்டு சென்றது. கூட்டம் கலைந்த பிறகும் அம்மேசை நண்பகல்வரை எடுக்கப்படாமல் இருப்பதைக் கோயிற்பிள்ளை நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பின்னொரு மாலை பெரியவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். "மருமக தங்கமானவதான் சாமி. சோறு நேரத்துக்கு வந்துரும். ஆனா பேப்பர்ல ஒரு சேதி படிச்சா அத யார்ட்ட சொல்றது? அந்தம்மாகிட்ட சொன்னா திருப்பி ஒரு வார்த்த சொல்லுவாங்க" என்றார். கையிலிருந்த குடையைச் சற்று நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "ஓல வாசிக்கலாமா சாமி?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் அவருடைய புதல்வர் இருவரும் வந்தனர். "ஊர் சிரிக்காதா சாமி? நீங்க ஒரு வார்த்த சொன்னா அப்பா கேப்பாங்க." திருச்சபையும் தம் பக்கமே நிற்கும் என்று அவர்கள் நம்பியதுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. நம் மக்களில் பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

உண்மை வேறு. கணவனை இழந்த பெண் மறுமணம் செய்துகொள்ள உரிமையுடையவள் என்று பவுலடியார் கொரிந்தியருக்குத் தெளிவாகவே எழுதினார். தனித்திருப்பதே நலம் என்று தம் கருத்தையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் அதைக் கட்டளையாக்கவில்லை. தெர்த்துல்லியன் போன்றோர் பிற்காலத்தில் இரண்டாம் திருமணத்தைக் கடுமையாகச் சாடியதுண்டு. நொவாசியனைப் பின்பற்றியவர்கள் மறுமணம் புரிந்தோருடன் நல்லுறவே கொள்ள மறுத்தனர். 325-ஆம் ஆண்டு கூடிய நிசேயா பொதுச்சங்கம், அவர்கள் திருச்சபைக்குத் திரும்ப வேண்டுமாயின் மறுமணம் செய்தோருடன் உறவு கொள்வதாக எழுத்தில் உறுதி தரவேண்டும் என விதித்தது. வெட்கம் நம் ஊர் வழக்கத்திலிருந்து வந்ததேயன்றித் திருச்சபையின் சட்டத்திலிருந்து வந்ததன்று.

மகப்பேறு இல்லாத வயதில் திருமணம் எதற்கு என்பர் சிலர். பிள்ளைப்பேறின்மை திருமணத்துக்குத் தடையன்று என 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1084-ஆம் விதி கூறுகின்றது. திருமணச் சடங்கில், பிள்ளைகளை இறைவனின் கொடையாக ஏற்பது பற்றிய வினா ஒன்றுண்டு. மணமக்கள் முதியவராயின் அதைக் கேளாமல் விடலாம் என்று சடங்கு நூலிலேயே குறிப்பு இருக்கின்றது. முதியோர் பீடத்தின் முன் வந்து நிற்பார்கள் என்பதை அந்நூலை அமைத்தவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள்!

புதல்வரோடு நெடுநேரம் பேசிய பிறகே மெய்யான அச்சம் வெளிப்பட்டது. வீடு. அதைப் பேச அவர்கள் கூசினர், நாமே பேசினோம். ஆபிரகாம் ஈசாக்குக்கு மணமுடித்து வைத்த பின்னரே கெற்றூராவை மணந்ததாகத் தொடக்கநூல் வரிசைப்படுத்துகின்றது. அவர் தம் உடைமையெல்லாம் ஈசாக்குக்குத் தந்து, ஏனைய புதல்வர்க்கும் உயிரோடிருக்கும்போதே நன்கொடை வழங்கிவிட்டார் என்பதை நாம் படித்தும் கவனியாமல் விட்டுவிடுகின்றோம்.

பங்கிலுள்ள வழக்குரைஞர் ஒருவர் உதவிக்கு வந்தார். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு எஞ்சியதும் சேரும். திருமணம் செய்துகொண்டால் முன்பு எழுதிய உயில் தானாகவே இரத்தாகிவிடும். இதைப் பலர் அறியார். பெரியவரின் பழைய உயில் அத்தகையதே. ஆகவே மணமான மறுவாரமே புது உயில் எழுதினார்: வீடு புதல்வர்க்கு, அம்மையாருக்கு ஆயுள்வரை அதில் குடியிருக்கும் உரிமை.

அம்மையாருக்கு வந்த இழப்பு வேறு வகையானது. முதற் கணவர் அரசுப்பள்ளி ஆசிரியர்; அவர் பொருட்டு வந்த குடும்ப ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுவிடும். "சும்மா துணையா இருந்துக்கலாமே, பணமாவது வரும்" என்று உறவினர் ஒருவர் அறிவுரை கூறினாராம். "என் பென்ஷன் எனக்குப் போதும் சாமி. ஒளிஞ்சு ஒளிஞ்சு பேச எனக்கு வயசில்ல" என்றார் அம்மையார். ஓய்வுக்குப் பின் மணந்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதிய உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பகவந்தி வழக்கில் தீர்ப்பளித்திருப்பதை அவருக்கு எடுத்துச் சொன்னோம். கேட்டுக்கொண்டார், மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. அவர் போகப் பிறகு வரும் பணத்தைப் பற்றி அப்போது நாம் பேசியிருக்க வேண்டியதில்லைதான் போலும்.

திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்கும் இருவரும் வந்தனர். இருபத்தைந்து வயது இளையோர் நடுவே முதல் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். மகப்பேறு பற்றிய வகுப்பில் பெண்பிள்ளைகள் பேச்சாளரை விட்டுவிட்டு அம்மையாரைச் சூழ்ந்துகொண்டனர்.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தோம். முதல் ஞாயிறு கோவிலில் சலசலப்பு. மூன்றாம் ஞாயிறு எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருமணம் காலைத் திருப்பலியில் நடந்தது. மூத்த புதல்வர் சாட்சிக் கையெழுத்திட்டார்.

மணத்துறவு பூண்ட நமக்கு இதைப் பேசத் தகுதி உண்டோ என அன்பர் சிலர் கேட்கலாம். நாம் கண்டதையே கூறுகின்றோம். இப்போது அவ்விருவரும் வாரத்தில் நான்கு நாள் டி.வி.எஸ். வண்டியில் பங்கெங்கும் செல்கின்றனர். படுக்கையில் கிடப்போரின் புண்களுக்கு அம்மையார் கட்டுப்போடுவார். பெரியவர் தலைமாட்டில் அமர்ந்து பேப்பர் வாசிப்பார். ஏட்டில் இப்போது பதினான்கு வீடுகள் இருக்கின்றன. முன்னெல்லாம் மணிக்கொருமுறை மணி பார்த்துக் கிடந்தவர், நாம் நற்கருணை கொண்டு செல்ல நேரம் குறிக்கச் சொன்னால், "செவ்வாக்கிழம முடியாது சாமி, வேல இருக்கு" என்கிறார்.

அம்மையாரின் மகள் மட்டும் இன்னும் பேசுவதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அம்மையார் முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பிய தூக்குப்பாத்திரம் பொங்கல் கழிந்து கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பும் வழக்கம் நம் பக்கத்தில் இல்லை. அடியில் ஒரு கைப்பிடி சர்க்கரை இருந்தது.