ஏழு பேருக்கு ஒரு வண்டி

குடும்பம் என்பது கீழ்ப்பக்கமாகத்தான் வளரும் என்று நாம் வெகுகாலம் எண்ணியிருந்தோம். சென்ற வருஷம் அந்த எண்ணம் பொய்த்தது. சித்திரையில் நமக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது; ஐப்பசியில் நம் மாமனார், இனித் தனியாக இருக்க இயலாதென்று, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு மருந்துப் பெட்டியுமாக நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆக ஏழு பேர். வாசலில் நின்ற வண்டியிலோ ஐந்து பேருக்குத்தான் இடம்.

"அம்பாஸடரில் பத்துப் பேர் போகவில்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். போனோம், மறுக்கவில்லை. அந்த வண்டியின் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பிரயாணம் செய்யும் தைரியமும் நம்மை விட்டுப் போய்விட்டது. வேகமாய்ப் போகும் வண்டி திடீரென்று நின்றால், எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து வைக்காது.

ஆகவே ஊருக்குப் புறப்படும்போதெல்லாம் ஒரு நாடகம் நடக்கும். சாமான்களை ஏற்றி முடித்ததும் அம்மா, "நான் வரவில்லை அப்பா. துளசிக்கு யார் தண்ணீர் விடுவது?" என்பாள். ஆடி அமாவாசைக்கும் அப்படியே, தீபாவளிக்கும் அப்படியே. தீபாவளிக்கு மாமனாரும், தமக்கு ரயில்தான் பிடிக்கும் என்று தனியே வந்தார்.

கார்த்திகையில் வண்டி பார்க்கக் கிளம்பினோம். 2000-ல் வந்த குவாலிஸும், 2005-ல் அதன் இடத்தைப் பிடித்த இன்னோவாவும் நமக்குக் கல்யாண கோஷ்டிகளையே நினைவூட்டின, விலையும் எட்டவில்லை. மிஞ்சியவை, 2012-ல் வந்த எர்ட்டிகாவும் 2019-ல் வந்த டிரைபரும். டிரைபர் நான்கு மீட்டருக்குள் ஏழு ஆசனங்களை அடக்கிய சாமர்த்தியசாலி. 2025 செப்டம்பர் 22 முதல் அத்தகைய சிறு பெட்ரோல் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், நீளம் நான்கு மீட்டரையோ எஞ்சின் 1200 சி.சி.யையோ தாண்டினால் 40 சதவிகிதம். நம் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஏழு பேரும் உட்கார்ந்தபின் சாமானுக்கு மிஞ்சுவது அதில் 84 லிட்டர் இடம், எர்ட்டிகாவில் 209. எண்பத்து நான்கு லிட்டர் என்றால் தண்ணீர்க் கேன் நான்கு. மாமனாரின் டிரங்குப் பெட்டியை என்ன செய்வது?

பெட்டியாவது போகட்டும். ஷோரூமில் இருந்த இளைஞர் நடு ஆசனத்தை மடித்துச் சாய்த்து, "பின்னால் ஏறிப் பாருங்கள், பாட்டி!" என்றார். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் வலி பத்து வருஷமாக. புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மெள்ள மெள்ள உள்ளே போய் உட்கார்ந்தாள். முழங்கால் மார்பை எட்டியது. "பேஷாக இருக்கிறது!" என்றாள்.

நமக்குச் சுருக்கென்றது. தனக்குப் பிடித்த பொருள் எதையும் அம்மா குறை சொல்லாமல் விட்டதில்லை.

அன்றிரவு நம் சகதர்மிணி கூடத்தில் சாக்குக்கட்டியால் ஏழு கட்டங்கள் வரைந்தாள். குழந்தையின் தனி ஆசனத்தை நடு வரிசையில் மாட்டிவிட்டால், அந்த இடத்தை மடிக்க முடியாது. பின்வரிசைக்கு வழி அடைபடும். சாலையோரம் நிறுத்தி இடப்பக்கமாய் இறங்குவதே நம் நாட்டில் க்ஷேமம். ஆகவே குழந்தை வலப்பக்கம், இடப்பக்கம் மாமனார், பெரிய பிள்ளைகள் இருவரும் பின்னால். நடு வரிசையின் மத்தியில், ஆசனங்களுக்குள் மிகக் குறுகலான கட்டத்தில், அவள் தன் பெயரை எழுதினாள். நமக்குப் பக்கத்தில் அம்மாவின் பெயர். பதினாறு வருஷமாக அந்த இடம் அவளுடையது. நாம் ஏதோ சொல்ல வாயெடுத்தோம். அவள் அதற்குள் விளக்கை அணைத்துவிட்டாள்.

வரியைச் சபித்துக்கொண்டே, இரண்டில் நீளமான வண்டியையே வாங்கினோம். கேட்டை முழுதும் சாத்த முடியவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் புறப்பட்டோம். மாமனாரின் மடியில் மருந்துப் பெட்டி. செங்கல்பட்டு தாண்டுமுன் அம்மா, "எதற்கு இவ்வளவு பெரிய கண்ணாடி? வெயிலெல்லாம் என் மேல்தான் அடிக்கிறது" என்றாள். திண்டிவனத்தில், "முன்னால் லாரி போவது கண்ணுக்குத் தெரிகிறதா, இல்லையா?" என்றாள். விழுப்புரத்துக்குள் பதினொரு குறைகளை எண்ணினோம். துளசிக்கு யார் தண்ணீர் விடுவது என்று மட்டும் அவள் கேட்கவில்லை.