ஈரக் கை

பாங்கில் பணம் எண்ணுகிறவர்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஈர ஸ்பாஞ்சு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரல் நுனியை அதில் தொட்டுத் தொட்டுத்தான் நோட்டை எண்ணுவார்கள். நான் காஷ் கவுண்டரில் உட்கார்ந்த முதல் வாரமே பக்கத்து ஸீட்காரர், "மேடத்துக்கு ஸ்பாஞ்சே வேண்டாம், பாங்குக்கு மிச்சம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேஜைக்கு அடியில் என் இரண்டு கைகளும் கர்சீப்பைக் கசக்கிக் கொண்டிருந்தன.

என் உள்ளங்கை வேர்க்கும். சித்திரை வெயிலானாலும் மார்கழிப் பனியானாலும் ஒன்றுதான். பேனா நழுவும். வவுச்சரில் மை கலையும். பவுடர் போட்டால் பிசைந்த அரிசி மாவு மாதிரி விரலிடுக்கில் திரளும். நான் நீட்டிய பாஸ் புத்தகத்தின் அட்டையை ஓர் அம்மாள் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டபோது, பார்க்காதவள் போல அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். விரல் வைத்து வருகை பதிகிற இயந்திரம் வந்த பிறகு இன்னும் அவஸ்தை. ஈர விரலை அது ஏற்றுக்கொள்ளாது. பின்னால் வரிசை முணுமுணுக்க, நான் துடைப்பதும் வைப்பதுமாக நிற்பேன். சீக்கிரம் வந்தும் தாமதமாக வந்தவள் என்று பேர்.

சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். அம்மா, "சரியான பயந்தாங்கொள்ளி" என்பாள். கல்யாணத்தில் பாணிக்கிரகணத்தின்போது அவர் குனிந்து, "பயமா இருக்கா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அவர் நம்பவில்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லி, நான் பயந்த சுபாவம்தான் என்று நானே தீர்மானித்து விட்டேன். ஆபீஸர் பதவிக்கு எழுத இரண்டு தடவை சந்தர்ப்பம் வந்தது. "குழந்தை சின்னவள்" என்று சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன். பெரியவர்களோடு கை குலுக்க வேண்டியிருக்குமே என்பதுதான் நிஜமான காரணம்.

போன வருஷம் ஒரு நாள், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பெண் கணக்குப் பரீட்சைத் தாளைக் கொண்டு வந்தாள். பக்கத்துக்குப் பக்கம் மை தீற்றல். "சுத்தமில்லை" என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு மார்க் குறைத்திருந்தார்கள். அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று ஈரம்.

"பயப்படாம எழுதுடா கண்ணு, சரியாயிடும்."

"நான் பயப்படவே இல்லம்மா. கணக்கு எனக்கு நல்லாத் தெரியும். கைதான் வேர்க்குது."

எனக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லையே!

அந்த வாரமே இரண்டு பேரும் தோல் டாக்டரிடம் போனோம். எத்தனை வயதில் ஆரம்பித்தது, இரண்டு கையும் ஒரே மாதிரி வேர்க்கிறதா, தூங்கும்போது நின்று விடுகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். பிறகு சொன்னார்: "இது பயமில்லை, அம்மா. உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கம். அவற்றை முடுக்கும் நரம்புகள் சிலருக்கு அளவுக்கு மீறி வேலை செய்யும். பயத்தில் வேர்வை கூடும், வாஸ்தவம். ஆனால் பயம் வியாதிக்குக் காரணமில்லை."

அலுமினியம் குளோரைடு கலந்த மருந்து கொடுத்தார். தூக்கத்தில் வேர்வை அடங்கி விடுவதால் படுக்கப் போகும்போது தடவி, காலையில் கழுவ வேண்டும். கை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் தடவினால் எரியும். பாட்டி சொன்ன படிகாரத்திலும் அலுமினியச் சத்து உண்டாம். ஆனால் என் கைக்கு அது போதவில்லை. பெண்ணுக்கு மருந்தே போதுமானதாக இருந்தது. எனக்கு மட்டும் இன்னொரு சிகிச்சை: ஆழமில்லாத தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றிக் கையை வைத்து, லேசான மின்சாரம் செலுத்துகிறார்கள். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம், முதலில் வாரம் மூன்று முறை. விறுவிறுவென்று இருக்கும், அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இது கூடாது. ஊசி உண்டு, அதன் பலன் சில மாதங்களே. ஆபரேஷனும் உண்டு, ஆனால் கை காய்ந்து முதுகும் வயிறும் வேர்க்கத் தொடங்கலாம் என்பதால் அது கடைசி வழி என்றார்.

வீடு திரும்பும்போது அவர் மெல்லக் கேட்டார்: "அன்னிக்கு மணவறையில பயமில்லைன்னு சொன்னியே, நிஜந்தானா?" பதினைந்து வருஷம் கழித்து நம்பினார்!

மேனேஜரிடமும் சொன்னேன். "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்று, விரலுக்குப் பதில் கார்டு வைத்துப் பதிய ஏற்பாடு செய்தார். ஸ்பாஞ்சுக்காரர் மறுபடி கேலி பேசியபோது, "இது ஒரு வியாதி சார், வைத்தியம் பண்ணிக்கறேன்" என்றேன். சட்டென்று அவர் முகம் மாறிவிட்டது. அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

முழுக்கக் குணமாகி விட்டது என்று சொல்ல மாட்டேன். கைப்பையில் இப்போதும் இரண்டு பருத்திக் கர்சீப் இருக்கின்றன. பெண் கைக்கு அடியில் ஒற்றுத்தாள் வைத்துக்கொண்டு எழுதுகிறாள். ஆனால் ஆபீஸர் பரீட்சைக்கு இந்தத் தடவை நான் மனுப் போட்டு விட்டேன்.

ஒரு எச்சரிக்கை. நடுவயதில் திடீரென்று உடம்பெல்லாம் வேர்த்தாலோ, ராத்திரியில் உடுப்பு நனைந்தாலோ, எடை குறைந்து படபடப்பு வந்தாலோ அது வேறு சங்கதி. தைராய்டு, சர்க்கரை, டி.பி., மாதவிடாய் நிற்கும் பருவம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். டாக்டரிடம் காட்ட நாள் கடத்தாதீர்கள்.

உங்கள் குழந்தையின் கை ஈரமாக இருந்தால் "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். "எப்பலேர்ந்துடா வேர்க்குது?" என்று கேளுங்கள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.