பாட்டனார் வைத்துப்போன துப்பாக்கி

திருவொற்றியூரில் உபாத்தியாயராக இருக்கும் ஒருவர் வீட்டில் துப்பாக்கி இருந்தது என்றால் நேயர்கள் நம்புவது சிரமந்தான். பிரம்பே பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்ட காலம் இது. ஆயினும் சென்ற ஆவணி மாதம் வரையில் நம் வீட்டு இரும்பு அலமாரியில் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று பூட்டிக் கிடந்தது உண்மை. தேர்தல் வந்தால் நம் வீட்டிலிருந்து முதலில் புறப்படுவது அதுதான்; வாக்குச் சாவடிக்கு அல்ல, போலீஸ் ஸ்டேஷனுக்கு. அங்கே ஒப்படைத்து ரசீது வாங்குவதும், தேர்தல் முடிந்தபின் திரும்பப் பெற்று வருவதும் நம் தகப்பனாருக்கு ஒரு விரதம் போல.

துப்பாக்கி பாட்டனாருடையது. அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளத்தில் அவர் கணக்கராக இருந்தார். 1938-ஆம் வருஷம் லைசென்ஸ் பெற்று, பர்மிங்ஹாமில் செய்த அந்தப் பழைய துப்பாக்கியை இரண்டாங் கையாக வாங்கினார். "இது இரும்பு அல்ல, மானம்" என்பது அவருடைய கட்சி.

அந்தக் கட்சியில் நியாயம் உண்டு. 1878-இல் லிட்டன் பிரபு இராஜப்பிரதிநிதியாக இருந்தபோது இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைப் பூட்டியது. மற்றொன்று ஜனங்களின் கையைப் பூட்டியது. வாய்ப்பூட்டு ரிப்பன் பிரபுவின் காலத்தில் நீங்கிற்று. ஆயுதச் சட்டமோ நீடித்தது. இந்தியன் லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருந்தால் குற்றம். ஐரோப்பியருக்கோ வெகுகாலம் விதிவிலக்கு. 1930 ஜனவரியில் காந்தியடிகள் வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில் உப்பு வரியை ஒழிப்பது ஒன்று. ஜனங்களின் மேற்பார்வைக்கு உட்பட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்குவது மற்றொன்று. 1931-இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம் பெற்றது. உப்பளத்துக் கணக்கர் ஒருவருக்கு உப்பும் துப்பாக்கியும் ஒரே பட்டியலில் இருந்தது எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை நடந்த நாளில் லைசென்ஸ் கைக்கு வந்ததை அவர் கடைசி வரையில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தத் துப்பாக்கியால் அவர் எந்த மனிதனையும் பயமுறுத்தியதில்லை. மார்கழி, தை மாதங்களில் எண்ணூர்க் கழிமுகத்தில் உள்ளானும் தாராவும் சுடுவார். அதற்கு முந்தின இரவு கூடத்தில் பாயை விரித்து, பித்தளைத் தோட்டாக்களில் தாமே மருந்து நிரப்புவார். சுட்ட கேப்பைத் தட்டி எடுத்துப் புதியது பொருத்துவார். கரிமருந்தை அளந்து போடுவார். கம்பளி அடைப்பை வைத்து, ரவை கொட்டி, மேலே அட்டை வைத்து மூடுவார். அன்று அடுப்பங்கரையில் பாட்டி நெருப்பு மூட்டக் கூடாது. லைசென்ஸில் மருந்தும் கேப்பும் அளவோடு எழுதப்பட்டிருந்தன என்று தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்தக் கழிமுகமும் அந்தச் சட்டமும் இப்போது இல்லை. உப்பளங்கள் இருந்த பக்கத்தில் அனல் மின்நிலையமும் துறைமுகமும் எழுந்துவிட்டன. 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்திற்று. 1991-இல் வந்த திருத்தம் வேட்டை லைசென்ஸையே ஒழித்தது. வெள்ளைக்காரன் செய்த ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக நம்மவர்கள் 1959-இல் இயற்றிய சட்டம் 1962 அக்டோபர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பாட்டனாருக்குப் பின் லைசென்ஸ் தகப்பனார் பெயருக்கு மாறியது.

தகப்பனாருக்கு இப்போது 78 வயது. "இனி இதை உன் பெயருக்கு மாற்றிக்கொள்" என்று சித்திரையில் ஆரம்பித்தார். விதியும் இடங்கொடுக்கிறது. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் காலமானபின் மட்டுமல்ல, அவருக்கு 70 வயது நிரம்பினாலும், 25 வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலும், சட்டப்படி வாரிசாகிறவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் வாரிசு என்பதால் மட்டும் லைசென்ஸ் வந்துவிடாது. போலீஸ் விசாரணை, வைத்திய அத்தாட்சி, ஆயுதத்தைக் கையாளும் பயிற்சி அத்தாட்சி எல்லாம் வேண்டும். 2019 திருத்தத்தின்பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பரம்பரைச் சொத்தாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். லைசென்ஸின் ஆயுள் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீண்டது என்பது ஒரு சௌகரியம்.

பெயர் மாற்றுமுன் துப்பாக்கியைப் பழுது பார்ப்பது நல்லதென்று தோன்றிற்று. தகப்பனார் மோட்டார் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "இரண்டு ஊசிதானே தேய்ந்திருக்கிறது? பட்டறையில் ஒரு மணி நேரம் கடைந்தால் ஆச்சு" என்றார். நாம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம். 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியைச் செய்வது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் லைசென்ஸ் பெற்றவரின் தொழில். அதை மீறினால் 2019-க்குப் பின் ஏழு வருஷத்துக்குக் குறையாத சிறை. தோட்டா தயாரிப்பும் அதே பிரிவில் வருகிறது. தோட்டாவுக்குரிய மருந்தும் துணைச் சாமான்களும்கூடச் சட்டத்தின் இலக்கணத்தில் தோட்டாவேதான். ஆகவே லைசென்ஸில் எழுத்தில் இல்லாத எதையும் வாங்குவதோ நிரப்புவதோ பாட்டனார் காலத்து ஞாபகத்தை நம்பிச் செய்யத் தக்கதல்ல. தகப்பனார் ஒன்றும் பேசாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு அவர் தம் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். லைசென்ஸ்தாரரின் எழுத்துமூலமான அனுமதி இருந்தால், பழுது பார்ப்பதற்காக இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் சலுகை தருகிறது. அந்தக் கடிதத்தோடு, மவுண்ட் ரோடுப் பக்கத்தில் லைசென்ஸ் பெற்ற கடை ஒன்றுக்குப் போனோம்.

அங்கிருந்த மேஸ்திரி வயதானவர். குழல்களைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தில் கணக்கு எழுதினார். இரண்டு ஊசிக்கு 3,000 ரூபாய். குதிரைகளின் வில்லுக்கு 5,000. குழலும் உடலும் சேரும் இடத்தில் விழுந்த இடைவெளியை இறுக்க 9,000. வெடித்த கட்டைக்கு 4,500. ஆக மொத்தம் 21,500 ரூபாய்.

"பணம் கிடக்கட்டும், வாத்தியாரய்யா. இதில் என்ன தோட்டா போடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

கடையில் வாங்கிய புதுத் தோட்டா ஒரு பெட்டி அலமாரியில் இருப்பதாகச் சொன்னோம். மேஸ்திரி குழலை நம் கையில் கொடுத்தார். அதன்மேல் ஓடிய அலை அலையான கோடுகளை அலங்காரம் என்றே நாம் நினைத்திருந்தோம். அவை இரும்பும் எஃகும் முறுக்கிய பட்டைகளை ஒரு கம்பியின்மேல் சுற்றிக் காய்ச்சி அடித்த ஒட்டுகள். பார்வைக்கு அழகு, ஆனால் ஒவ்வொரு கோடும் ஒரு தையல். பாட்டனார் போட்ட கரிமருந்து எரிந்தபின் படியும் கசடு ஈரத்தை இழுக்கும். எண்ணூர் உப்புக் காற்றில் அந்தத் தையல்கள் உள்ளே எவ்வளவு அரித்திருக்கின்றன என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. குழலடியில் இருந்த பரீட்சை முத்திரைகளும் கரிமருந்துக்கு மட்டுமே உரியவை. புகையில்லா மருந்துக்குப் பரீட்சித்த அடையாளம் இல்லை.

இன்னொன்றையும் அவர் காட்டினார். தோட்டா அறை 65 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்காகக் கடைந்தது. இன்றைய தோட்டா 70 மில்லிமீட்டர். வாய் மடித்திருப்பதால் அது சுலபமாக உள்ளே போய்விடும்; சுடும்போது மடிப்பு விரிந்து குழலின் குறுகிய பாகத்தை அடைக்கும்; அழுத்தம் ஏறும். "21,500 ரூபாய் வாங்கிக்கொண்டு இதைச் சுடும்படி செய்து கொடுப்பேன். சுடுங்கள் என்று சொல்லமாட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அதைத் தகப்பனாரிடம் சொன்னோம். அவர் எழுந்து, பாட்டனாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே பாட்டனார் நிரப்பிய பித்தளைத் தோட்டாக்கள் ஒன்பது, பச்சை பிடித்துக் கிடந்தன. நம் மகன் அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்துதான் தினம் பாடம் படிக்கிறான். நம் சகதர்மிணி டப்பாவைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அன்றிரவு தகப்பனார் தூங்கவில்லை. காலையில் காபியைக் குடித்துவிட்டு, "அப்பா கேட்டது லைசென்ஸ் வாங்கும் உரிமையை. அது கிடைத்தது, அவரும் அனுபவித்தார். என் பேரன் தலைமேல் அதை வைத்துவிட்டுப் போகச் சொல்லவில்லை" என்றார். ஆவணியில் துப்பாக்கியையும், புதுத் தோட்டாவையும், அந்த ஒன்பதையும் முறைப்படி அதிகாரிகளுக்கு எழுதித் தெரிவித்து ஒப்படைத்தோம். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தகப்பனார் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ரசீதை 1938-ஆம் வருஷத்து லைசென்ஸோடு சேர்த்து, பாட்டனாரின் உப்பளக் கணக்குப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்.

பாட்டனார், மாமனார் வைத்துப்போன துப்பாக்கி உள்ள நேயர்களுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால், தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது பெறுங்கள். வாரிசு விண்ணப்பத்தைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். லைசென்ஸின்றி வீட்டில் வைத்திருப்பது, ஞாபகார்த்தமாகவே ஆனாலும், இரண்டு வருஷத்துக்குக் குறையாத சிறைக்கு உரிய குற்றம். பழுது பார்த்தும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே சட்டம் விலக்கு அளிக்கிறது. நம் துப்பாக்கியைப் போல, பழுது பார்த்தால் சுடக்கூடியதற்கு அந்த விலக்கு இல்லை. பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் அதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பிள்ளைகளை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுத் திறவுங்கள்.