காற்றுக்கு ஒரு வழி

எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர்களில் அப்போதெல்லாம் சைடு பேனல் மாட்டிய சிபியுவைப் பார்ப்பது அபூர்வம். மே மாதம் என்றால் திறந்த பெட்டிக்கு நேராக ஒரு டேபிள் ஃபேனும் சுழலும். ஹேங் ஆவது அதனால் குறைந்தது, மறுப்பதற்கில்லை. காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அதற்கும் முந்தைய காலத்தில் அப்படிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. 486 சிப்புகள் பலவும் தலைமேல் விசிறி இல்லாமலே ஓடியவை. எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையில் இருந்த ஒற்றை விசிறி போதும். 1993-ல் முதல் பென்டியம் சுமார் 15 வாட் சூட்டோடு வந்தபோது பெரிதாகப் பேசினார்கள். 2004-ன் பென்டியம் 4 பிரெஸ்காட் நூறு வாட்டைத் தாண்டியது. பக்கத்தில் உட்கார்ந்து போன் பேச முடியாத அளவுக்கு இரைச்சல்.

இரைச்சல் பிடிக்காதவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 1980-ல் ஆப்பிள் III-க்கு விசிறியே கூடாது என்று நின்றார். சூட்டைக் கடத்தக் கனமான அலுமினிய அடிப்பாகம் வைத்தார்கள். சிப்புகள் சாக்கெட்டை விட்டுக் கிளம்பியபோது, மெஷினைச் சில அங்குலம் தூக்கிப் போடச் சொன்னார்களாம். நம்மூர் மெக்கானிக் தட்டிச் சரிசெய்வதைக் கேலி பேசுகிறவர்கள் கவனிக்க.

விசிறியை ஒப்புக்கொண்டவர்களுக்கும் திசை பிடிபட நாளானது. 1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறைப்படி எஸ்எம்பிஎஸ் விசிறி வெளிக்காற்றை இழுத்து பிராசஸர் பக்கம் ஊத வேண்டும். ஒரே விசிறிக்கு இரண்டு வேலை. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸே சுடும் பொருள். அதைக் கடந்த காற்று எப்படிக் குளிர்விக்கும்? பிறகு காற்றை வெளியே தள்ளும்படி மாற்றிவிட்டார்கள்.

அந்தத் திறந்த பேனலுக்கு வருகிறேன். முன்னால் நுழையும் காற்று ஹார்ட் டிஸ்க், கார்டு, பிராசஸர் எல்லாவற்றையும் தொட்டுப் பின்னால் போக வேண்டும், வாசலும் கொல்லைக்கதவும் நேராக வைத்த வீட்டில் போவது போல. பக்கவாட்டை எடுத்துவிட்டால் பின்விசிறி அருகிலுள்ள காற்றையே இழுத்துத் தள்ளும். ஹார்ட் டிஸ்க் ஓரம் காற்று அசையாது. டேபிள் ஃபேன் அதை முரட்டுத்தனமாகச் சமாளித்தது, தெருத்தூசியையும் சேர்த்து ஊதி. சர்வீசுக்கு வருகிறவர் புளோயரால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வார். விட்டால் தாறுமாறாகச் சுழன்று பேரிங் போய்விடும்.

80 மில்லிமீட்டர் விசிறிகள் இருந்த இடத்தில் இப்போது 120, 140. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதி. ஆனால் அதற்கான மின்சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும், இரைச்சலும் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். இவ்வளவு கற்றபின் முன்பக்கத்தைக் கண்ணாடியால் அடைத்த கேபினெட் விற்கிறார்கள். அதற்குப் பின்னால் மூன்று வண்ண விசிறிகள், இழுக்கக் காற்றில்லாமல்.

அக்கா மகன் அதைத்தான் கேட்டான். முன்னால் வலை வைத்ததை வாங்கிக் கொடுத்தேன்.

“லைட் தெரியுமா மாமா?”

“வலை வழியா நல்லாவே தெரியும்டா” என்றேன். அவனுக்கு நம்பிக்கையில்லை.