பரிமாறுகிறவர் சாப்பிடுவதில்லை

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலில் மருத்துவமனைக் காட்சி ஒன்று வரும். வேலை முடிந்த கடைநிலைப் பணியாளர்கள் அன்றைய பங்கு சோமா மாத்திரைக்காக வரிசையில் நிற்கிறார்கள். போட்டால் கவலை பறந்துவிடும், மறுநாள் தலைவலிகூட இருக்காது. இந்த உலகத்துக்கு வெளியே வளர்ந்தவனும் சற்றுமுன்தான் தாயைப் பறிகொடுத்தவனுமான ஜான், அது விஷம், தொடாதீர்கள் என்று கத்துகிறான். ஒருவரும் அசைகிற வழியாயில்லை. மாத்திரைப் பெட்டிகளை அள்ளி அள்ளி ஜன்னல் வழியே வீசுகிறான். யாரை விடுவிக்கிறானோ அவர்களே அவனை மொத்தப் பாய்கிறார்கள். போலீஸ் வருகிறது, ஆனால் லத்தி வீசவில்லை. காற்றில் சோமா ஆவியைத் தெளிக்கிறது. எல்லோரும் அன்பாயிருக்க வேண்டும் என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு பதிவுக் குரல் உருகுகிறது. சற்று நேரத்தில் அடித்துக்கொண்டவர்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். புதிதாக மாத்திரை வரவழைத்துக் கொடுத்தனுப்புகிறார்கள். ஆளுக்கொரு பெட்டியோடு கலைந்து போகிறார்கள்.

இதைப் படித்த என் அக்கா மகன், “மாமா, இந்த ஊர்ல என்ன கொறச்சல்? பசி இல்ல, சண்ட இல்ல, வேல இல்லாத ஆளே இல்ல. ஜானுக்குத்தான் என்னமோ கோளாறு” என்றான். சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியில்லை. ‘சுதந்திரம் பெரிது’ என்று எழுதுகிறவன் பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறான். நான் உட்பட.

ஆனால் இந்த வகை நாவலுக்கு வழி திறந்துவிட்டவர் அப்படி உட்கார்ந்து எழுதியவரல்லர். யெவ்கெனி ஸம்யாதின் கப்பல் கட்டும் பொறியாளர். ஜார் ஆட்சியில் சிறை சென்றவர், போல்ஷெவிக் ஆட்சியிலும் அதே சிறைக்குப் போனவர். உள்நாட்டுப் போரில் பெட்ரோகிராட் ரொட்டிக்கும் விறகுக்கும் அல்லாடிய 1920-21இல் ‘நாங்கள்’ நாவலை எழுதினார். அதில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வீடுகள் கண்ணாடி. ரோஜா நிறச் சீட்டு காட்டினால் குறிப்பிட்ட மணி நேரத்துக்குத் திரையை இறக்கிக்கொள்ளலாம். அந்த அரசு தன்னைக் கொடியதாக நினைப்பதில்லை. கணக்குப் போட்டு, பிழையில்லாத மகிழ்ச்சியைத் தருவதாகவே நம்புகிறது. கடைசியில் கதாநாயகன் டி-503க்குக் கற்பனையை அகற்றும் அறுவை நடக்கிறது. தான் நேசித்த பெண்ணைச் சித்திரவதை செய்வதை அவன் அமைதியாக உட்கார்ந்து பார்க்கிறான். வலி இல்லை. சொல்லப்போனால் சுகமாகவே இருக்கிறான். 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்த இந்த நூல் சோவியத் மண்ணில் அச்சாக 1988 ஆனது.

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) இந்த விஷயத்தில் கொஞ்சம் சுலபமான புத்தகம் என்பது என் எண்ணம். சுவர் முழுக்கத் திரை, காதில் எந்நேரமும் ஒலி என்று வாழும் மில்ட்ரெட் ஒரு ராத்திரி தூக்க மாத்திரையை அளவில்லாமல் விழுங்கிவிடுகிறாள். வயிற்றைக் கழுவ வரும் ஆட்கள், இப்படி ஒரு இரவுக்கு ஒன்பது, பத்து பேர் என்று அலுத்துக்கொள்கிறார்கள். அங்கே சந்தோஷம் போலி என்று தெரிந்துவிட்டதா, நாம் எளிதாகப் பக்கம் சேர்ந்துவிடலாம். ஹக்ஸ்லி அந்த வசதியை நமக்குத் தருவதில்லை. அவருடைய மாத்திரை வேலை செய்கிறது. எதிர்க்கட்சிக்கு நல்ல வக்கீல் வைத்துக் கொடுக்கும் நாணயம் அவரிடம் இருக்கிறது.

அந்த வக்கீல், உலகை ஆளும் பத்துக் கட்டுப்பாட்டாளர்களில் ஒருவரான முஸ்தஃபா மாண்ட். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நிதானமாகப் பேசுவார், ஷேக்ஸ்பியரும் படித்தவர். அறிவாளிகளை மட்டும் சைப்ரஸில் குடியமர்த்திப் பார்த்ததாகவும், ஆறு வருஷத்துக்குள் சண்டை மூண்டு இருபத்திரண்டாயிரம் பேரில் பத்தொன்பதாயிரம் பேர் செத்ததாகவும் கணக்குக் காட்டுவார். (சரிபார்க்க வழியில்லை. வரலாற்று நூல்களைப் பூட்டி வைத்திருப்பதும் அவரேதான்.) ஒரு பெட்டகத்தைத் திறந்து, மற்றவர்களுக்கு மறுக்கப்பட்ட பைபிள் முதலான நூல்களை எடுத்துக் காட்டுகிறார். இளம் வயதில் தான் இயற்பியல்காரர் என்றும், வரம்பு மீறி ஆராய்ந்து மாட்டிக்கொண்டதாகவும் சொல்கிறார். தீவுக்குப் போய் ஆராய்ச்சியைத் தொடர்கிறாயா, ஆட்சிக் குழுவுக்கு வருகிறாயா என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள்.

அவரைக் கேட்டிருக்கிறார்கள்! வரிசையில் நின்ற பணியாளர்களை யாராவது கேட்டார்களா? அவர்கள் குப்பியில் கருவாக இருந்தபோதே ஆக்ஸிஜனைக் குறைத்து மூளையை மட்டுப்படுத்தியாகிவிட்டது. மாண்ட் தனக்கு எடுத்துக்கொண்டது தேர்வு, படிப்பு, பழைய ஆராய்ச்சியை நினைத்து வரும் ஏக்கம், அதாவது கொஞ்சம் துக்கமும்கூட. ஊருக்குப் பரிமாறியது மாத்திரை. மகிழ்ச்சிதான் உயர்ந்தது என்றால் பரிமாறுகிறவர் ஏன் அந்த இலையில் உட்காரவில்லை? பிறர் சந்தோஷத்துக்காகத் தான் செய்த தியாகம் என்பார். தஸ்தயெவ்ஸ்கியின் ‘கரமாசோவ் சகோதரர்கள்’ (1880) நாவலில் செவில் நகரத்து மதவிசாரணை அதிகாரியும் இதையேதான் சொல்கிறார்: கோடிப்பேர் குழந்தைகள்போலச் சுகமாக இருக்க, ரகசியம் தெரிந்த சிலர் மட்டும் வருந்துவார்களாம். ‘ஃபாரன்ஹீட் 451’இல் புத்தகத்தை எரிக்கும் பீட்டியும் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர்தான். இவர்களில் ஒருவர்கூடத் தான் விற்கும் சரக்கில் வாழவில்லை. இந்தத் தியாகத்தை நான் நம்பத் தயாராயில்லை.

அதற்காக ஜான் சொல்வதெல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. துன்பப்படும் உரிமை வேண்டும் என்று மாண்டிடம் வாதாடியவன், கடைசியில் ஒரு கலங்கரை விளக்கத்தில் தன்னைத் தானே சாட்டையால் அடித்துக்கொண்டு, தூக்கில் தொங்கி முடிகிறான். இரண்டு பைத்தியக்காரத்தனங்களுக்கு நடுவே மட்டும் அவனைத் தேர்ந்தெடுக்க விட்டது குறைதான் என்று ஹக்ஸ்லியே 1946 பதிப்பின் முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

என் ஓட்டு, யாரும் அதிகம் பேசாத ஹெல்ம்ஹோல்ட்ஸ் வாட்சனுக்கு. அரசாங்கத்துக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்த எழுத்தாளன். நாடுகடத்தப்போகிறோம், எந்தத் தீவு வேண்டும் என்று கேட்டபோது, காற்றும் புயலும் அடிக்கும் மோசமான இடமாகப் பார்த்துக் கொடுங்கள், அப்போதுதான் நன்றாக எழுத வரும் என்கிறான். ஃபாக்லண்ட் தீவு கிடைக்கிறது. அவன் துன்பத்தைத் தேடிப் போகவில்லை, வேலைக்குத் தோதான இடம் கேட்டுப் போகிறான். தானும் வருகிறேன் என்ற ஜானை மட்டும் மாண்ட் விடவில்லை. அவனை வைத்துச் செய்யும் சோதனை இன்னும் முடியவில்லையாம்.

முழு நாவலுக்கும் பொழுதில்லாதவர்கள் பதினாறாம், பதினேழாம் அத்தியாயங்களை மட்டுமாவது படியுங்கள். ஒருமுறை மாண்ட் கட்சியில் நின்று படியுங்கள். மனசாட்சியோடு, அவருக்குக் கைதட்டியே படியுங்கள். பிறகு ஜான் கட்சிக்கு வாருங்கள்.