குனிந்து வணங்கும் முதுகு

கூன் பாண்டியரின் வெப்புநோயைத் தணித்தது திருஞானசம்பந்தர் தடவிய திருநீறு. கூன் நிமிர்ந்ததோ அதன் பின்னர், வையையில் இட்ட ஏடு எதிரேறிய வேளையில். அதன்பின் அவர் நின்றசீர் நெடுமாறர் ஆனார். மங்கையர்க்கரசியாருடன் அறுபத்துமூவர் வரிசையில் வணங்கப்பெறுகிறார். இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒன்றாக்கி, திருநீற்றால் கூன் நிமிர்ந்தது என்று சொல்வோரே மிகுதி.

வேப்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒரு மூதாட்டியும் அவ்வாறே நம்பியிருந்தார். பேத்திக்குத் தலை பின்னும்போது ஒரு தோள் மேலேறி நிற்பதை முதலில் கண்டவர் அவரே. அப்போது அவளுக்கு வயது 11. புத்தகப் பையின் சுமை என்றார் தந்தை. அந்தப் பொங்கலன்று பெரியோர் காலைத் தொட்டு வணங்கக் குனிந்தபோது முதுகின் வலப்புறம் மேடாக எழுந்து நின்றது. பெண் பிள்ளையாயிற்றே, வெளியே தெரிந்தால் நாளை வரன் அமையுமா என்ற அச்சத்தில் வீடே வாய் மூடிக்கொண்டது. இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

மருத்துவர்கள் செய்யும் முதற் சோதனையும் அந்த வணக்கத்தைப் போன்றதே. கால்களைச் சேர்த்து நின்று, முழங்கால் மடங்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் செய்து பின்னாலிருந்து பார்ப்பார்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கியும் கொள்வதால் ஒருபுற விலாவெலும்புகள் புடைக்கின்றன. இதனை ஸ்கோலியோசிஸ் என்பர். வளரும் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் இது சிறிதளவேனும் காணப்படுகிறது. வளைவு பெரிதாவது பெண்களிடமே மிகுதி. பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று தெரிவதில்லை. புத்தகப் பையின் மேல் பழி போடுவதற்கு ஆதாரம் இல்லை.

எக்ஸ்ரே படத்தில் வளைவைப் பாகையில் அளக்கிறார்கள். 25 பாகைக்குள் இருந்தால் கண்காணிப்பு போதும். அதற்கு மேல் 45 வரை, பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில், உடலை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் உதவும். 2013-இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வில், பிரேஸ் அணிந்தோரில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு 50 பாகையை எட்டாமல் நின்றது. அணியாதோரில் 48 பேருக்கே அவ்வாறு நின்றது. வேப்பூர்ப் பேத்தியை அழைத்துச் சென்றபோது படம் காட்டியது 56. பிரேஸுக்கு உரிய காலம் கடந்துவிட்டது.

மூதாட்டி விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குச் சென்றார். அங்கே குறைகளை அதிகாரிக்கு எழுதுவதுபோல் எழுதிப் பிராது கட்டுவது வழக்கம். கத்தி படாமல் நிமிர வேண்டும் என்பது அவர் பிராது. அதைக் கேட்ட பேத்தி சொன்னாள்:

“ஆயா, பள்ளிக்கூடத்துல எல்லாரும் என் முதுகையேதான் பாக்குறாங்க. டாக்டர் கையி நடுங்காம இருக்கணும்னு சாமிக்கு மாத்தி எழுது.”

மூதாட்டி அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் மாற்றி எழுதினார்.

அறுவை சிகிச்சை பல மணி நேரம் நடந்தது. முள்ளெலும்புகளில் திருகாணிகளைப் பொருத்தி, இரு கம்பிகளால் இயன்ற மட்டும் நேராக்கி, எலும்புத் துண்டுகளைப் பரப்பி அவை ஒன்றாக இறுகும்படி செய்கிறார்கள். கம்பி பிடித்து நிற்பது அதுவரைதான். பிறகு தாங்குவது இணைந்த எலும்பே. தண்டுவடத்துக்கு ஊறு நேர்கிறதா என்பதை மின்கருவி இடையறாது கண்காணிக்கும். 1960-களில் அமெரிக்காவில் பால் ஹாரிங்டன் கம்பி முறையைப் பரப்பிய நாளில் நோயாளிகள் மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்தார்கள். இந்தச் சிறுமியோ மூன்றாம் நாள் நடந்தாள். ஆபத்து இல்லாத சிகிச்சை என்று எவரும் சொல்லமாட்டார். நரம்புக்கு ஊறு, கிருமித் தொற்று ஆகிய இரண்டையும் முன்கூட்டியே விளக்கித்தான் கையொப்பம் வாங்கினார்கள்.

இப்போது ஓராண்டு ஆகிறது. இணைந்த பகுதி இனி வளையாது. அவள் மண்டியிட்டு, இடுப்பிலிருந்து சாய்ந்தே வணங்குகிறாள். கொளஞ்சியப்பருக்குக் கட்டிய பிராதையும் முறைப்படி திரும்பப் பெற்றாயிற்று. உடன்பிறந்தாருக்கும் இது வரக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், ஒன்பது வயதாகும் இளைய பேத்தியை மாதந்தோறும் கார்த்திகையன்று கோயிலுக்குப் புறப்படுமுன் மூதாட்டி குனியச் சொல்கிறார். திருநீறு பூசுவதற்கு முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தச் சிறு முதுகை இருபுறமும் தடவிப் பார்க்கிறார்.